தலை தொங்கப் போடாத செவலை

துரைக்கண்ணு போன மாதம்தான் வாங்கிய செவலைக் குதிரையைச் சந்தையில் நிறுத்தி, "இதை ஓட்டத் துணிச்சலான ஆள் வேண்டுமய்யா!" என்று கூவினார்.

"தலையைத் தொங்கப் போட்டுச் சாதுவாக நில் அண்ணே. விலை போகாவிட்டால் நாளைக்கே குப்பை வண்டியில் பூட்டிவிடுவார்" என்றது பக்கத்தில் நின்ற கழுதை.

"தொங்கப் போட்டால் இன்னொரு பயந்தாங்கொள்ளிதானே தம்பி வாங்குவான்?"

அப்போது எங்கோ பறை முழங்கியது. செவலைக்கு, முன்பு தன்மேல் ஏறி வந்த பழைய தோழர் நினைவுக்கு வந்தார். ஊர்வலத்தின் முன்னால், தடியடிக்கு நடுவிலும் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, "நீயே போடா ராசா" என்பார். செவலை நிமிர்ந்து கனைத்தது. வாங்க வந்தவர்கள் சிதறி ஓடினார்கள்.

"கெடுத்தாயே!" என்றது கழுதை.

மாலையில் துரைக்கண்ணு ஏறி உட்காரப் பயந்து, கயிற்றைப் பிடித்தபடி நடந்தே வீடு திரும்பினார். குப்பை வண்டி காத்திருந்த அந்த வீட்டுக்கு, பின்னால் ஆயிரம் பேர் வருவதுபோல் செவலை நடந்தது.