ஒத்த வார்த்தை

பக்கவாதத்தில் ஆசீர்வாதத்துக்குப் பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. அவர் மனைவி ரூபி தினமும் விடியலில் கட்டிலருகே முழங்காலிட்டு, "ஆண்டவரே, ஒத்த வார்த்தையாவது பேச வையும்" என்று மன்றாடுவாள். ஆனாலும் அமைதியாக ஜெபிக்க அவளால் முடிந்ததில்லை. பாதியில் எழுந்து அவர் உதடுகளைப் பார்ப்பாள், மறுபடி முழங்காலிடுவாள். "பொறுமையா இருங்கம்மா, கர்த்தர் வாக்கு மாறமாட்டார்" என்ற பாஸ்டரிடம் ஒருநாள், "எத்தனை நாளைக்கு ஐயா?" என்று கேட்டேவிட்டாள்.

மறுநாள் காலை கோபமே ஜெபமாக வந்தது. "கேக்கீரா, இல்லையா? முழங்கால் ரெண்டும் காய்ச்சுப் போச்சு. இன்னைக்குப் பதில் வராம உம்மை விடமாட்டேன்."

கட்டிலிலிருந்து அவர் குரல் உடைந்து வந்தது.

"போதும்."

ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்த ரூபி பாதியில் நிறுத்தினாள். போர்வையை இறுகப் பற்றிக்கொண்டு, "என்னங்க போதும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.