இடது கதவு

இந்த ஆண்டு வந்த புதுச் சட்டப்படி, பழைய கார் சாலையில் ஓட வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துப் பழுது நீக்கும் எந்திரத்துக்குள் போய்வர வேண்டும். நவநீதனின் எண்பது வயதுக் காரில் எந்திரம் நாற்பத்தொரு பழுதுகளைக் கண்டுபிடித்தது.

"அந்த இடது கதவை மட்டும் விட்டுரு சாமி," என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். எந்திரம் எதையும் விடவில்லை; நாற்பத்தொன்றையும் சரிசெய்துவிட்டது.

அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. முப்பது வருடமாக அவர்தான் இறங்கி, காரைச் சுற்றி வந்து, மனைவி சுகன்யாவுக்குத் திறந்துவிடுவார்.

இருவரும் வீடு வந்து சேர்ந்ததும் சுகன்யா கைப்பிடியைத் தொட, கதவு உள்ளிருந்தே திறந்துகொண்டது.

"இனி நீயே இறங்கிக்கலாம் சுகன்யா." முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். குரலில் சுரத்தே இல்லை.

சுகன்யா அவரைப் பார்த்தாள். பிறகு கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"நீங்க மெதுவா சுத்தி வாங்க. நான் உக்காந்திருக்கறனுங்க."