பெயர் சொன்னால் ஊசி

மோட்டார் நியூரான் நோய் தசைகளையும் பேச்சையும் மெல்ல முடக்கும்; தன் பெயரைத் தானே சொல்ல முடிகிற நோயாளிக்குத்தான் ஸ்டெம்செல் ஊசி. பரிசோதனை இயந்திரம் எச்சரித்தது: "துணைக்கு வந்தவர் பேசினால் வாய்ப்பு ரத்து."

செண்பகம் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். வீட்டில் கணவரின் பாதிப் பேச்சை அவள்தான் முடித்துவைப்பாள். பால்காரன்கூட அவரைக் கேட்டுவிட்டு இவள் முகத்தைத்தான் பார்ப்பான்.

"உங்கள் பெயர்?"

"ம... மரு..."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. திரையில் நேரம் கரைந்தது. பாழாய்ப்போன பழக்கம், செண்பகத்தின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

பெயர் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்று மட்டுமே கூப்பிட்ட நாக்கு.

"...மருத... முத்து," என்றார் அவர்.

பச்சை விளக்கு எரிந்தது.

"ஏண்டி... வாயத் தொறந்த?"

"கொட்டாவிங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.