ஏழரைப் பாய்

"எடை எவ்வளவு சார்?"

"எழுபத்திரண்டு" என்றார் கணக்கு வாத்தியார், கண் இமைக்காமல்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எழுபத்திரண்டாம்! சட்டையின் நடு பட்டன் எப்போது தெறிக்குமோ என்றிருந்தது. எண்பத்தெட்டுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் கடையையே எழுதி வைத்துவிட அவர் தயார்.

அது விண்ட்சர்ஃபிங் சாமான் விற்கிற கடை. பலகைமேல் நின்று, காற்றில் புடைக்கும் பாய்மரப் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு கடலில் போக வேண்டும். காற்று பலமென்றால் சின்னப் பாய், மந்தமென்றால் பெரிய பாய். ஆள் கனமென்றால் எல்லாமே ஒரு சைஸ் கூட. இதைச் சொல்லிச் சொல்லியே கடைக்காரருக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. ஒருத்தராவது உண்மை எடையைச் சொல்கிறார்களா? போன மாசம் ஒருத்தர் பத்து கிலோவை அப்படியே முழுங்கிவிட்டார். சின்னப் பாயோடு போனவர் நடுக்கடலில் நட்ட கம்பம் மாதிரி நின்றுவிட, படகு விட்டு இழுத்து வந்தார்கள். பழி யார்மேல்? கடைமேல்!

"சார், கோவிச்சுக்காதீங்க. காத்துக்கிட்ட பொய் செல்லாது. நாளைக்குக் கடல்ல நீங்கதான் தனியா நிக்கணும்."

"நான் கணக்கு வாத்தியார்ங்க! நம்பர்ல பொய் சொல்வேனா? ஆறு மாசத்துல பதினாறு கிலோ குறைச்சிருக்கேன். வாராவாரம் எடை மெஷின்ல ஏறிப் பாக்கறேன். வேணும்னா என் வீட்டுக்காரியைக் கேளுங்க."

கூட வந்திருந்த மனைவியோ கூரையில் எதையோ மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வாத்தியாரே இப்படிப் புளுகினால் பிள்ளைகள் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டே, நாலு, அஞ்சு, ஆறு சதுர மீட்டரில் மூன்று பாய்களை எடுத்து வைத்தார் கடைக்காரர். எக்கேடோ கெட்டுப் போகட்டும்!

வாத்தியார் பலகைகளைத் தடவிப் பார்க்க நகர்ந்ததுதான் தாமதம், மனைவி ஓடி வந்தார்.

"அண்ணே, எண்பத்தெட்டுக்கே குடுங்க. எடை மெஷினுக்குப் பின்னாடி ஒரு திருகு இருக்கு. வாராவாரம் நான்தான் கொஞ்சம் கொஞ்சமா திருகி விடறேன்."

"என்னம்மா இது அநியாயம்?"

"டாக்டர் திட்டினதுலேர்ந்து மனுஷன் மூலையில உக்காந்துட்டார்ண்ணே. முள் இறங்க இறங்கத்தான் முகத்துல சிரிப்பே வந்துச்சு. இப்ப நடக்கறார், நீந்தறார், கடலுக்கே போறேங்கறார். இத்தனைக்கப்புறம் நான் எந்த வாயால சொல்வேன்?"

சொல்லும்போதே அந்தம்மாவின் கண் கலங்கிவிட்டது. கடைக்காரருக்குத் தான் நினைத்ததை நினைத்து வெட்கமாகப் போயிற்று. வைத்த பாய்களை எடுத்துவிட்டு வேறு மூன்றை வைத்தார்.

"சார்! நம்ம கடல்ல காத்து சரியான சோம்பேறி. எல்லாமே ஒரு சைஸ் கூட எடுத்துக்குங்க. அஞ்சு, ஆறு, ஏழரை."

"ஏழரையா! காசு குடுத்து யாராவது ஏழரையை வாங்குவாங்களா?" என்று சிரித்த வாத்தியார், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

மனைவி கார் கதவைத் திறக்கப் போனதும், வாத்தியார் கடைக்காரரின் காதருகே குனிந்தார்.

"நல்லவேளை, நீங்களே ஒரு சைஸ் கூடச் சொல்லிட்டீங்க. அவ முன்னாடி எண்பத்தெட்டுக்கு எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

"சார்... அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"அவ திருகறதை முதல் வாரமே பாத்துட்டேன். ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் மெஷின்ல ஏறினதும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டுவா பாருங்க... அதைப் பாக்கத்தான் சார் ஏறவே ஏறறேன்!"