நல்லையா போட்ட வேஷம்

"காட்டுக்குத்தான் போவேன். துப்பாக்கி தூக்குவேன். உங்களால என்ன செய்ய முடியும்?"

நல்லையா மேசையில் ஓங்கிக் குத்தினார். எதிரே உட்கார்ந்திருந்த அரசாங்க அதிகாரி ராஜரத்தினம் கோபப்படவில்லை, கைதட்டினார்.

"சபாஷ்! அந்தப் பையனாவே மாறிட்டீங்க, சார்."

காஜா பேராங் தமிழ்ப் பள்ளியில் அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை; வாத்தியார்களுக்கு வகுப்பு. மெர்டேக்காவுக்கு, மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் சில மாதங்கள். காட்டுக்குள்ளிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளான காட்டுக்காரர்களின் நோட்டீஸும் வதந்தியும் வயசுப் பையன்களை இழுத்துக்கொண்டிருந்தன. அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க ராஜரத்தினம் பள்ளி பள்ளியாக அலைந்துகொண்டிருந்தார்.

"எடுத்த எடுப்புல அடிக்காதீங்க. முதல்ல கேளுங்க," என்று காலையிலேயே சொல்லியிருந்தார். "மலாக்காவுல வெளிவந்த நோட்டீஸ் எல்லாம் இதோ மேசையில இருக்கு. படிச்சுப் பாத்துட்டு ஒருத்தர் பையனா நடிங்க, மத்தவங்க மடக்குங்க."

நல்லையா மேசைப் பக்கம் போகவே இல்லை. முதல் ஆளாக எழுந்துவிட்டார்.

காரணம் சங்கரன். அவரிடம் படித்தவன், இப்போது பண்டார் ஹிலிரில் சைக்கிள் கடையில் வேலை. நேற்று அவரை வழிமறித்து, சட்டைப் பையிலிருந்து கையை எடுக்காமலே ஒரு கேள்வி கேட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், சார். பதில் இல்லேன்னா கிளம்பிடுவேன்."

காட்டுக்குப் போனால் குண்டு, பிடிபட்டால் தூக்கு. நல்லையாவுக்கு அந்தப் பதில் இன்றே வேண்டும்.

ஜெயா டீச்சர் மடக்கப் பார்த்தார். "ஏண்டா தம்பி, உங்கம்மாவை நெனச்சுப் பாத்தியா?"

"அம்மாவையே கப்பலேத்தப் போறாங்க, டீச்சர்! மெர்டேக்கா வந்ததும் தமிழங்க எல்லாரும் நாகப்பட்டினத்துக்கு. கம்போங் செட்டியில தலைமுறை தலைமுறையா இருக்கிறவங்களுக்குக்கூட டிக்கெட் போட்டாச்சு!"

கூடமே சிரித்தது. "ஐயோ, அவங்களுக்குத் தமிழே வராதுலா! நாகப்பட்டினத்துல எறங்கி மலாய்லயா மீன் வாங்குவாங்க?" என்றார் ஜெயா டீச்சர்.

ராஜரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் தம்பி? வேற என்ன சொல்றாங்க?" என்றார், மெதுவாக.

"கப்பல் பினாங்குல நிக்குது. சர்க்கார் குடுத்த ஐசி கார்டு இருந்தாலும் செல்லாது. அப்ப நான் ஏன் காட்டுக்குப் போகக்கூடாது? சொல்லுங்க!" நல்லையாவின் குரல் உடைந்தது.

"வா தம்பி," என்று எழுந்தார் ராஜரத்தினம். "கம்போங் செட்டி பக்கத்துலதானே இருக்கு? ரெண்டு பேரும் நடந்து போவோம். ஒரு வீட்டுலயாவது பெட்டி கட்டறாங்களான்னு நீயே பாரு. வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே வந்தவங்க அவங்க. அவங்களை எவன் கப்பலேத்துவான்?"

இவ்வளவுதானா! நல்லையாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. சாயங்காலமே சங்கரனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம்.

எல்லாரும் கோப்பி குடிக்க வெளியே போனார்கள். நல்லையா குடையை எடுத்தபோது ராஜரத்தினம் அவர் தோளில் கை போட்டார்.

"பிரமாதமான நடிப்பு, சார். அந்தக் கப்பல் கதையை எங்க பிடிச்சீங்க?"

"எல்லாம் இந்த நோட்டீஸ்ல உள்ளதுதானே," என்று சிரித்து மழுப்பினார் நல்லையா.

ராஜரத்தினம் மேசையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக அவர் முன் பரப்பினார். கூலி, வரி, வெள்ளைக்காரன். கப்பல் எதிலுமே இல்லை.

"கப்பல் நோட்டீஸை அச்சாபீசுலயே கட்டோட பிடிச்சிட்டோம், சார். ஒரே ஒரு தாள்தான் வெளியே போச்சு. அதைத் தேடித்தான் பள்ளி பள்ளியா வகுப்பு நடத்தறேன்."

அவரோடு வந்து வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். ராஜரத்தினம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முதல்ல கேக்கறேன், சார். பையன் பேரு என்ன?"