குழல் திட்டிய துணிகள்

போட்டிக்கென்று வாங்கிய புதுத் துப்பாக்கியால் வஹிதா முதல் குண்டைச் சுட்டாள். உடனே எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியைக் கம்பியில் செருகிக் குழலுக்குள் தள்ளித் துடைத்தாள். துணி கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

"சீ, அழுக்குத் துணியே! புத்தம் புதுசான என் மேலா வந்து உரசுகிறாய்?" என்று குழல் சீறியது.

"நான் வெள்ளையாகத்தானே உள்ளே வந்தேன்! இது உன்னுடைய கரி!" என்று துணி கொதித்தது.

குழல் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் வஹிதா ஒரு புதுத் துணியைத் தள்ளினாள். "எல்லாம் ஒரே அழுக்குக் கூட்டம்!" என்று குழல் ஒவ்வொன்றையும் திட்டியது. கறுத்துப்போன துணிகள் குப்பைக்கூடையில் கிடந்து குமுறின.

சுடுவதை நிறுத்திய பிறகும் அவள் துணிகளைத் தள்ளினாள்; பத்தாவது துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. வஹிதாவின் முகம் மலர்ந்தது.

"இப்போதாவது உனக்கு ஒரு சுத்தமான துணி கிடைத்ததே!" என்று அவளிடம் சொன்னது குழல்.