கறுப்புப் பட்டையின் நீளம்

தனியார் கம்பெனிக்கு எந்த ஏரியைத் தாரை வார்த்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தையல்காரி கனகவல்லி கேட்டதற்கு ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏரியின் பெயர்மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள். இஞ்ச் டேப்பை வைத்தாள், இரண்டேகால் இஞ்ச். டிடிபி கடை சவரிமுத்துவிடம் சுற்றுவட்டாரத்து ஏரிப் பெயர்களை அதே எழுத்தில், அதே அளவில் அடித்து வாங்கி, ஒவ்வொன்றாகக் கத்தரித்துக் கறுப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை.

"நம்ம ஏரி பேர விட்டுட்டியேம்மா?" என்றார் சவரிமுத்து.

"அது எதுக்குண்ணே? நாம குடிக்கிற தண்ணியாச்சே."

அவர் அதையும் அடித்துக் கொடுத்தார். வெட்டி வைத்தாள். நுனிக்கு நுனி சரியாக உட்கார்ந்தது. டேப்பை வைத்தாள், அதுவும் இரண்டேகால் இஞ்ச்.

இருபது வருஷத் தையல் தொழிலில் முதன்முறையாகக் கனகவல்லிக்குத் தன் இஞ்ச் டேப்பின் மேல் சந்தேகம் வந்தது.